அடித்த கை

இந்தக் காலத்தில் ஒருத்தன் நோயில் விழுந்தால் அவனைத் தூக்கி உட்காரவைக்க ஆள் கிடைக்காது. ஏன் விழுந்தான் என்று சொல்ல மட்டும் ஆள் ஆளாக வருவார்கள். கையில் நாலு ஆப்பிளைப் பிடித்துக்கொண்டு வந்து, கட்டிலோரம் உட்கார்ந்து, ‘எல்லாம் நாம செஞ்சதுதான் திரும்பி வருது’ என்று பெருமூச்சு விட்டு, அந்த ஆப்பிளில் ஒன்றைத் தாங்களே கடித்துக்கொண்டு கிளம்புவார்கள். வர முடியாதவர்கள் போனில் வீடியோ அனுப்புவார்கள். அதில் ஒருத்தன் மெத்தை நாற்காலியில் சாய்ந்துகொண்டு, தலைவலிக்கு ஒரு பாவம், மூச்சிரைப்புக்கு ஒரு பாவம் என்று மருந்துக்கடைக்காரன் மாதிரி எடுத்து எடுத்து வைப்பான்.

ஸ்பேனர் பெரியவருக்கு இந்தக் கூட்டத்தைக் கண்டாலே ஆகாது. நாற்பது வருஷம் குழாய் வேலை பார்த்தவர். அதில் வந்த பட்டப்பெயர்தான் ஸ்பேனர். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. எதையும் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டார். தொட்டுப் பார்த்த பிறகும் பாதிதான் நம்புவார்.

அவருடைய தம்பி வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவன். ஐந்து வாரத்துக்கு முன்னால் ஏணியிலிருந்து இறங்கி நின்றவன் அப்படியே சரிந்தான். மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள். உயிர் தப்பியது. கால் தேறியது. பேச்சு கொஞ்சம் வழுக்கினாலும் வந்துவிட்டது. வலது கைதான் வரவில்லை. விரல்கள் உள்ளே மடங்கி, யாரோ கொடுத்துவிட்டுப்போன பொட்டலம் மாதிரி மடியில் கிடந்தது.

முடியாதவன் வேறு, மாட்டேன் என்கிறவன் வேறு. தம்பி இரண்டாவது ரகம். ஆஸ்பத்திரியிலிருந்து பயிற்சி கொடுக்க வருகிற பெண் செவ்வாய்க்கிழமை அதை அவன் முகத்துக்கு நேரே பெரியவரிடம் சொல்லிவிட்டாள்.

“ஐயா, முதல் மூணு மாசந்தான் முக்கியம். இவர் கையைத் தரவே மாட்டேங்கிறார். ஒத்துழைக்கலைன்னா லிஸ்ட்ல இருந்து பேரை எடுத்துடுவாங்க, காத்திருக்கிறவங்க நிறைய பேர். வெள்ளிக்கிழமை வருவேன். விரல் நீளணும்னுகூட இல்ல, நீட்டப் பாத்தாப் போதும்.”

“நீட்டப் பாப்பான். நான் பாக்க வைக்கிறேன்,” என்றார் பெரியவர்.

புதன்கிழமை காலை பத்து மணிக்குப் பஸ்ஸில் வந்து இறங்கி, மூன்று மாடி ஏறி, தோளில் இருந்த பையைத் தம்பியின் முன்னால் மேஜையில் கவிழ்த்தார். நட்டும் போல்ட்டும் கடகடவென்று உருண்டன.

“மாமா, மேஜை கீறிடும்!” என்று தம்பி மனைவி ஓடிவந்தாள்.

“மேஜை கீறினா வேற வாங்கிக்கலாம்மா. டேய், இந்தப் பெரிய நட்டை எடுத்துப் போல்ட்டுல மாட்டு.”

தம்பி அதைப் பார்த்தான். கையைப் பார்த்தான். ஜன்னலைப் பார்த்தான்.

“விட்டுடு அண்ணே. இது போகணும்னு போன கை.”

“போகணும்னு எவன் சொன்னான்?”

“எல்லாத்துக்கும் காரணம் இருக்கு மாமா,” என்றாள் அவள். அவள் போனில்தான் அந்த வீடியோக்காரன் குடியிருந்தான். “கை விளங்காமப் போச்சுன்னா, அந்தக் கை என்னமோ பண்ணியிருக்குன்னு அர்த்தமாம். சும்மா வராதாம்.”

“ஏம்மா, நாப்பது வருஷமா அடைப்பு எடுத்தவன் நான். எத்தனை வீடு! பொய் சொல்றவன் வீடு, வட்டிக்கு விடறவன் வீடு, யோக்கியன் வீடு, எல்லாத்துலயும் கைய விட்டுப் பாத்துட்டேன். உள்ள இருந்து முடி வந்திருக்கு, சோப்பு வந்திருக்கு, ஒரு தடவை பல்செட்டு வந்திருக்கு. பாவம் வந்து நான் பாத்ததில்ல.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். தம்பிக்கு வரவில்லை. அன்றைக்கு இரண்டு மணிநேரம் கெஞ்சியும் ஆகவில்லை, திட்டியும் ஆகவில்லை. கல்லில்கூட நார் உரித்துவிடலாம்போல இருந்தது. பெரியவர் நட்டுகளை அங்கேயே போட்டுவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை அவர் வந்தபோது தம்பி மனைவி கடைக்குப் போயிருந்தாள். அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் தம்பி ஆரம்பித்துவிட்டான்.

“அண்ணே, அவ சொன்னது சரிதான். அவளுக்கே தெரியாது, ஆனா சரி.”

“என்ன சரி?”

“அப்பாவை அடிச்சேன்.”

பெரியவர் ஒற்றைச் செருப்போடு நின்றார். அப்பா போய் இருபது வருஷம். கடைசி ஒன்றரை வருஷம் நினைவு தப்பி, இதே வீட்டில், இந்தத் தம்பியின் பொறுப்பில்தான் கிடந்தார்.

“வேலை முடிஞ்சு வர்றேன். தெருவுல நிக்கிறாரு. உடம்புல ஒட்டுத்துணி இல்ல. ஸ்கூல் விட்டுப் போற பிள்ளைங்க நின்னு சிரிக்குதுங்க. அந்த வாரத்துல அது மூணாவது தடவை. இழுத்துட்டு வந்தேன். உள்ள வரமாட்டேன்னு கதவைப் பிடிச்சுக்கிட்டாரு. அறைஞ்சுட்டேன். இந்தக் கைதான். அவருக்கு என்னை யாருன்னே தெரியல அண்ணே. ‘அடிக்காதீங்க சார்’னாரு. பெத்த அப்பன் என்னை சார்னாரு.”

வழுக்குகிற பேச்சில் அவன் அதைச் சொல்லி முடிக்க வெகுநேரம் ஆனது. பெரியவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“எத்தனை தடவை?”

“ஒரே தடவை.”

“பதினெட்டு மாசத்துல.”

“ஒரு தடவையா இருந்தா அடி இல்லையா?”

“அடிதான். இல்லைன்னு சொல்லல.” பெரியவர் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். அடுத்து சொல்லப்போவதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, செத்துப்போன மனைவியிடம்கூட. “நான் எங்கடா இருந்தேன் அப்போ?”

“வெளியூர்ல. பெரிய கட்டட வேலைல.”

“அந்த வேலை ஆறு மாசத்துல முடிஞ்சிருச்சு. மிச்சம் ஒரு வருஷம் அங்கயே வேற வேலை தேடிப் பிடிச்சேன். திரும்பி வந்தா அவரைக் கழுவி விடணும்னு பயந்துக்கிட்டு. மாசம் ஒரு நாள் வந்து, ஒரு மணிநேரம் உக்காந்து, ‘பெரிய பையன் எவ்வளவு பாசம்’னு பேர் வாங்கிட்டு ஓடிப்போனேன். நான் அவரை அடிக்கலடா. அடிக்கணும்னாக்கூடப் பக்கத்துல இருக்கணும்.”

தம்பி மடியில் கிடந்த கையை இடது கையால் மூடிக்கொண்டான்.

“நீ சொல்ற நியாயப்படி பாத்தா எனக்கு ரெண்டு கையும் ரெண்டு காலும் போயிருக்கணும். இந்தா பாரு.” பத்து விரலையும் விரித்து அவன் மூக்குக்கு முன்னால் ஆட்டினார். “சிங்கம் மாதிரி இருக்கு. இப்ப சொல்லு, எங்க போச்சு உன் கர்மா?”

தம்பி அந்த விரல்களையே கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

“உனக்கு இன்னும் வரல அண்ணே.”

“எழுபத்திரெண்டு வயசாச்சு! இனிமே எப்ப வரும்? பஸ்ஸைத் தவறவிட்டுடுச்சா?”

கோணிய வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. ஐந்து வாரத்தில் முதல் சிரிப்பு. அந்தச் சூட்டோடு பெரியவர் அவன் கையைப் பிடித்து, மடங்கிய ஆள்காட்டி விரலை நிமிர்த்தப் பார்த்தார். தம்பி அலறினான்.

“வலிக்குதா?”

“உயிர் போகுது!”

“அப்ப உசிரு இருக்குன்னு அர்த்தம். வலிக்கும்னு அந்தப் பொண்ணே சொன்னா. மாசக்கணக்கா வலிக்குமாம். அதுக்கு பயந்துதான் நீ பாவம் புண்ணியம்னு போர்த்திக்கிட்டு உக்காந்திருக்கே.”

திட்டத்தான் சொன்னார். ஆனால் தம்பியின் முகத்தில் என்னவோ மாறியது.

“சும்மா வெச்சிருந்தா வலிக்கவே இல்ல அண்ணே.”

“ஆமா.”

“அசைச்சாத்தான் வலிக்குது.”

“அதைத்தானேடா சொல்றேன்.”

“அப்ப கை போனது தண்டனை இல்ல. வலியே இல்லாதது என்ன தண்டனை? இதுதான் தண்டனை. தினமும் அசைக்கிறது. நான் இவ்வளவு நாளா அதுல இருந்து தப்பிச்சுக்கிட்டு இருந்திருக்கேன்.”

‘அது தண்டனை இல்லடா மடையா, வைத்தியம்’ என்று பெரியவரின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. தம்பியின் இடது கை அதற்குள் பெரிய நட்டை எடுத்து வலது கையின் இடுக்கில் திணித்துக்கொண்டிருந்தது. பெரியவர் வந்த வார்த்தையை எச்சிலோடு விழுங்கினார். வாழ்நாளில் அவர் விழுங்கியதிலேயே கசப்பான வார்த்தை அதுதான்.

“ம். அனுபவி,” என்றார். “இன்னும் பத்து தடவை அனுபவி.”

வெள்ளிக்கிழமை பயிற்சிப் பெண் வந்தாள். தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு, வியர்த்து ஒழுக, ஆள்காட்டி விரலை ஒரு நெல்மணி அளவுக்கு நகர்த்தினான். அவள் குனிந்து பார்த்தாள். இன்னொரு தடவை செய்யச் சொன்னாள். செய்தான்.

“பேரை எடுக்க மாட்டேன்,” என்றாள். “செவ்வாய்க்கிழமை வர்றேன். நாள் ஆகும், பரவாயில்ல. எப்படி ஐயா சம்மதிக்க வெச்சீங்க?”

பெரியவர் வாயைத் திறப்பதற்குள் தம்பி மனைவி முந்திக்கொண்டாள். “செஞ்சதை அனுபவிச்சே தீரணும்னு மனசுல ஒத்துக்கிட்டாரு. அவ்வளவுதான். முகம் எப்படித் தெளிஞ்சிருக்கு பாருங்க. நேத்து ராத்திரி முழுசாத் தூங்கினாரு. மாமா, இப்பவாவது நம்புறீங்களா?”

தூங்கினது நிஜம். முகம் தெளிந்ததும் நிஜம். இருபது வருஷம் ஒரு விஷயத்தை வயிற்றில் வைத்துக்கொண்டிருந்தவன் கூடப்பிறந்தவனிடம் கொட்டினால் தூக்கம் வராமல் என்ன செய்யும்? இதற்கு மெத்தை நாற்காலிக்காரன் எதற்கு? ஆனால் அவளிடம் வாதாடி, பாதி வழி வந்த தம்பியைத் திருப்பி அனுப்ப அவர் தயாராக இல்லை.

“விரல் அசைஞ்சுதில்ல, போதும்மா,” என்று செருப்பை மாட்டினார்.

தம்பி கூப்பிட்டான். “அண்ணே, நீ தினமும் பஸ் பிடிச்சு வர்றியே. அன்னிக்கு அப்பாகிட்ட வராததுக்குத்தான் இன்னிக்கு என்கிட்ட வர்றே. உனக்கும் கர்மா வந்துருச்சு. நீதான் கவனிக்கல.”

“போடா. வீட்டுல பேச ஆள் இல்ல, வர்றேன்.”

“ஒத்துக்க மாட்டியா?”

“கொன்னாலும் மாட்டேன்.”

“நாளைக்கு?”

“பத்து மணி. நான் வர்றதுக்குள்ள அம்பது தடவை முடிச்சிருக்கணும், இல்லைன்னா பாரு.”

படியில் இறங்கும்போது தம்பி சொன்னதற்கு ஒரு பதில் தேடினார். இரண்டாவது மாடியில் ஒன்று கிடைத்தது, சரியாக இல்லை. முதல் மாடியில் இன்னொன்று, அது அதைவிட மோசம். தெருவுக்கு வந்தும் நல்லதாக ஒன்றும் அகப்படவில்லை. பதில் தெரியாதவன் ஒத்துக்கொண்டாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் கிடையாது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு, பஸ் நிற்கும் பக்கமாக நடந்தார்.