குட்டை முழம், கோவிந்தா!

வம்பை விலைக்கு வாங்குவதில் செஞ்சியில் கலைச்செல்வியை மிஞ்ச ஆளில்லை. திருப்பதிக்குப் போகிற வேனில் சாமி பெயரைச் சொல்லிக்கொண்டு வர வேண்டியதுதானே? நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டாள்.

கல்லூரியில் அவள் நடத்துவது ஆங்கிலம். இப்போது பாடம், அறுநூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு நெடும்பாட்டு. யாத்திரை போகிறவர்களைக் கவிஞர் புகழ்கிற மாதிரியே புகழ்ந்து மானத்தை வாங்குவார். "எல்லாரையும் நல்லாத்தானே சொல்றாரு மிஸ், கிண்டல் எங்க இருக்குது?" என்று பிள்ளைகள் கேட்டுவிட்டார்கள். திங்கட்கிழமை காட்டுவதற்காக, கூட வருகிறவர்களைப் பற்றியே ஆளுக்கு இரண்டு வரி எழுதத் தொடங்கினாள். முதல் ஆள் பக்கத்து சீட்டு நாகம்மாள். பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிறவள். ஜன்னலோரத்தை விட்டுக்கொடுத்து, தலையில் மல்லிகையும் வைத்துவிட்டவள்.

ஆரணி தாண்டி வேன் பிரேக் போட்டதில் நோட்டு கீழே விழுந்தது. எடுத்தவர், வேனை ஏற்பாடு செய்த ஜவுளிக்கடை கனகராஜ். அதில் எழுதியிருந்த முதல் சொல்லே கோவிந்தா. பஜனைப் பாட்டு என்று நினைத்து ராகம் போட்டுப் பாட ஆரம்பித்துவிட்டார்.

"கோவிந்தா என்றால் கை உயரும்!"

"கோவிந்தா! கோவிந்தா!" என்றது வேன்.

"முழம் போட்டாலோ கை சுருங்கும்!"

"கோவிந்தா! கோவிந்தா!"

கலைச்செல்விக்கு உயிரே போய்விட்டது. பூ வைத்துவிட்ட கையைப் பற்றியா எழுதினாய் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். இனி நாகம்மாள் முகத்தில் எப்படி விழிப்பது? நாகம்மாளோ கைதட்டிப் பாடிக்கொண்டிருந்தாள்.

கனகராஜின் குரல்தான் நின்றது. "இன்னா டீச்சர், என் கடையப் பத்தியா எழுதிக்கீறீங்க?" முகம் தொங்கிப்போயிருந்தது. "ஜாக்கெட் துணியில ரெண்டு விரல்தான் கொறைப்பேன்."

வேனே கொல்லென்று சிரித்தது.

"ஐய, அது என்னப் பத்திண்ணா!" நாகம்மாள் தன் குட்டைக் கையைத் தூக்கிக் காட்டினாள். "பஸ் ஸ்டாண்டுல கேட்டுப் பாருங்க. நீங்க எதுக்குக் குறுக்க வரீங்க?"

கலைச்செல்விக்குக் கண் கலங்கிவிட்டது. "தப்புதான்க்கா."

"அத வுடு. உன்னப் பத்தி இன்னா எழுதின?"

ஒன்றுமே எழுதவில்லை. அந்தப் பழைய கவிஞர் கிண்டலில் தன்னையும் விட்டுவைக்கவில்லை. இவள் அதை மட்டும் வசதியாக மறந்திருந்தாள்.

நாகம்மாள் யோசிக்கவேயில்லை. "ஊரப் பாத்து நோட்டெடுப்பா, சாமி பாக்க மறந்துடுவா!"

"கோவிந்தா!" என்று முதலில் கத்தியவர் கனகராஜ்.

திங்கட்கிழமை காலேஜுக்குப் போகிற வழியில் ஒரு முழம் மல்லிகை கேட்டாள். நாகம்மாள் அவள் கண்ணைப் பார்த்தபடி அதே குட்டைக் கையால் அளந்து, "கோவிந்தா!" என்று வெட்டிக் கொடுத்தாள். அந்தக் குறை முழத்தைத் தலையில் வைத்துக்கொண்டு, கலைச்செல்வி கரும்பலகையில் முதல் ஆளாகத் தன்னையே எழுதினாள்.