சாவி கைதியிடமே இருக்கிறது

1
இந்தக் காலத்தில் எவனும் கதவைச் சாத்துவதில்லை. வருகிறான், அப்படியே போட்டுவிட்டுப் போகிறான். மீசை நரைக்கும்வரை ஜெயில் வார்டராக இருந்தவன் நான். பின்னால் பூட்டு விழுந்த சத்தம் கேட்காமல் முன்னால் இருக்கும் கதவைத் திறந்ததில்லை.

என் மகளும் வார்டர்தான். வேறொரு நாட்டு ஜெயிலில் அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. நாங்கள் கைதியை நம்பர் சொல்லிக் கூப்பிட்டோம். அங்கே பெயர் சொல்ல வேண்டுமாம். கைதியின் அறைச் சாவி கைதியிடமே இருக்குமாம். சமையலும் அவர்களேதானாம், கத்தியோடு.

"நீங்க சரின்னு சொன்னாத்தான் போவேன்ப்பா" என்கிறாள். இன்றைக்குப் பதில் சொல்ல வேண்டும். எனக்குப் பேசிப் புரியவைக்க வராது. அவளைத் தடுக்கத்தான் இந்தக் கதை.

2
கத்தி பளபளத்தது. கைதி வார்டரம்மாவைப் பார்த்து...

(வேண்டாம். பெற்ற மகள் படிக்கப்போகிறாள். ஆளை ஓடவிடுவோம்.)

எல்லோரும் அசந்த மத்தியானம். கைதி தன் சாவியால் திறந்து வெளியே வந்தான். திரும்பி நின்று கதவைப் பூட்டினான்.

(ஓடுகிறவன் எதற்குப் பூட்டுகிறான்? அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். திரும்பவும் பூட்டுகிறான். பக்கத்து அறைக்காரன் சோப்பைத் தூக்கிவிடுவானாம்.)

வாசலுக்குப் போக வேண்டியவன் சமையலறைக்குப் போய் வெங்காயம் நறுக்க உட்கார்ந்தான்.

"இங்க என்னய்யா பண்றே?" என்றேன்.

"இன்னிக்கு என் முறை சார். ஆக்கலைன்னா எல்லாரும் என்னைத்தான் ஆக்கித் தின்னுவாங்க."

எதிரே வார்டரம்மா, அதாவது என் மகள். "உப்பைப் பார்த்துப் போடுங்க. நேத்து வாயில வைக்க முடியல."

"அப்போ நீங்களே வந்து கிளறுங்கம்மா."

இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். என் கதையில், என்னைக் கேட்காமல்.

3
மனைவியிடம் இதுவரை படித்துக்காட்டினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏங்க, உங்க ஜெயில்ல இருந்து யாருமே ஓடலையா?"

"ஓடினாங்க."

"பூட்டித்தானே வச்சிருந்தீங்க?"

(இதற்கு ஒரு பதில் எழுத ஆரம்பித்தேன். பூட்டு என்பது... விடுங்கள்.)

4
முதல் முடிவு: அவன் ஓடுகிறான். எழுதிப் பார்த்தேன், ஆள் எழுந்திருக்க மாட்டேன் என்கிறான். இரண்டாம் முடிவு: ஓடவில்லை. அதை நான் நம்பவில்லை.

மகள் போனில் கூப்பிட்டாள். படித்தேன். வெங்காயம் வந்த இடத்தில் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அப்போ சரிங்கறீங்களாப்பா?"

"போய்ட்டு வா. அந்த வெங்காயக்காரனுக்கு மட்டும் முதுகைக் காட்டாதே."

அந்தப் பக்கம் அவள் குதிப்பது கேட்டது.

ஓடுவானா மாட்டானா என்பதை நீங்களே உட்கார்ந்து பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு அவன்மேல் நம்பிக்கை வரவில்லை. இனியும் வராது. நான் கிளம்புகிறேன், அவளுக்கு நல்லதாக ஒரு பெட்டி வாங்க வேண்டும்.