கோட்டு யாரிடம் இருக்கிறது?

எங்கள் ஊர் ரெஜிமென்டின் வரலாற்றை எழுதுகிறவன் நான்தான். பணி ஓய்வு பெற்ற சார்ஜென்ட், சம்பளமில்லாத வேலை. பகலில் கோதுமைக் கிடங்கிலும் பள்ளிக்கூடத்திலும் உழைத்துவிட்டு, செவ்வாய் மாலைகளில் சீருடை மாட்டுகிறவர்களின் பகுதிநேரப் படை இது. போருக்குப் போய்த் திரும்பாதவர்கள் அறுபத்திரண்டு பேர். எங்கள் படைக்கூடத்து நினைவுப் பலகையில் அவர்கள் பெயரைத் தங்க நிறத்தில் எழுதுவதும் நான்தான்.

அறுபத்திமூன்றாவது பெயருக்காக மூன்று வருடம் நடையாய் நடந்தார் எங்கள் சமையல்காரி ஓலேனா. அவர் மகன் டாரன் ஆப்கானிஸ்தானிலிருந்து முழுசாகத் திரும்பினான் என்றுதான் நினைத்தோம். வந்த இரண்டாம் குளிர்காலத்தில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான். கர்னல் பெல்ஃபோர் நல்ல மனிதர், ஆனால் பிடிவாதக்காரர். "போர்க்களத்துல செத்தவங்களுக்குத்தான் பலகை" என்றார். நான் வாயே திறக்கவில்லை. நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

கிறிஸ்துமஸ் விருந்தில் எங்களுக்கு ஒரு வழக்கம். அன்று அதிகாரிகள் பரிமாறுவார்கள். சிப்பாய்களும் ஓலேனாவும் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். எல்லோரிலும் வயதில் சின்ன சிப்பாய் கர்னலோடு கோட்டு மாற்றிக்கொண்டு, அதைத் திருப்பித் தரும்வரை கர்னலாக இருப்பார். போன வருடம் ஒருத்தன் கர்னலைப் பாத்திரம் கழுவ வைத்தான்.

இந்த முறை ஷைலா கார்டினல். வாராவாரம் ஓலேனாவோடு உருளைக்கிழங்கு உரித்தவள். கோட்டு அவளுக்கு முழங்கால்வரை தொங்கியது.

"சிப்பாய் பெல்ஃபோர்! அந்த வான்கோழியக் கீழ வைய்யி."

"வச்சுட்டேன், மேடம்!" கூடமே சிரித்தது.

"இப்ப ஏணியக் கொண்டா. சார்ஜென்ட் பலகைல டாரன் பேர எழுதுவாரு. நீ ஏணியப் பிடி."

சிரிப்பு சட்டென்று நின்றது. ஓலேனா தலை நிமிரவில்லை.

"இது விளையாட்டு இல்லம்மா" என்றார் கர்னல், முகம் சிவந்து.

"நானும் விளையாடல. கோட்டு யார்கிட்ட இருக்கு?"

கர்னலுடைய அப்பாவும் இதே கூடத்தில் கோட்டு மாற்றிய கர்னல்தான். அந்த வழக்கத்தை மீற அவருக்கு மனம் வரவில்லை. போய் ஏணியைக் கொண்டுவந்தார்.

நான் ஏறி எழுதி முடித்தேன். ஷைலா கோட்டைக் கழற்றிக் கொடுத்தாள். இனி அவர் மறுபடியும் கர்னல். ஒரு வார்த்தை சொன்னால், காயாத பெயரைத் துணியால் துடைத்துவிடலாம். நிதானமாகப் பொத்தான்களைப் போட்டார்.

"காய எவ்ளோ நேரமாகும்?"

"ஆறு மணி நேரம் சார்."

"அதுவரைக்கும் நான் காவலுக்கு நிக்கிறேன். யாரும் கை வைக்கக் கூடாது."

அப்போது ஓலேனா எழுந்து வந்து ஏணியில் ஏறினார். கர்னல் தடுக்கவில்லை, ஏணியைத்தான் பிடித்துக்கொண்டார். ஈரப் பெயரின் கடைசி எழுத்தில் ஓலேனாவின் கட்டைவிரல் பதிந்தது. அதை நான் இன்னும் சரிசெய்யவில்லை.