பாலத்தருகே ஒரு மூக்கு

1

இந்தக் கதை எனக்கு ஒரு மூக்கிலிருந்து கிடைத்தது. முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘பனியாற்றின் அடியில் எரிமலை மெல்லப் பெருமூச்சு…’ அடித்துவிட்டேன். எங்கள் எரிமலைகள் எதையும் மெல்லச் செய்வதில்லை.

நடந்ததையே சொல்கிறேன். கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு, ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகரில், எரிமலைக் கண்காணிப்பு அறையில் நான் தனியாக இருந்தேன். திரையில் பனியாற்றடியில் சிறு நடுக்கங்கள். அதிலிருந்து இறங்கும் ஆற்றின் மட்டம் சாது. ஆனால் நீரில் தாது ஏறுகிறது என்றது கருவி. உறைபனியில் அது பொய்யும் சொல்லும். எரிமலைச் சூட்டில் பனி உருகி வெள்ளம் பாயுமுன் ஆறு அழுகிய முட்டையாக நாறும். பாலத்தருகே பண்ணை வைத்திருக்கும் ஸ்டெயின்வோருக்குப் போன் போட்டேன்.

“கொஞ்சம் ஆத்த மோந்து பாத்துச் சொல்லுங்களேன்.”

“இன்னிக்கா? உனக்குப் புத்தி இருக்கா தம்பி? நாடே புளிச்ச திருக்கை மீன் திங்கிற நாளு, என் அடுப்புலயும் அதான் நாறிக் கொதிக்குது. இப்ப என் மூக்குக்கு எங்க வீட்டுக்காரரும் திருக்கைதான்.”

“நான் எப்பவுமே அப்படித்தான்டி!” என்றது பின்னால் ஒரு குரல்.*

2

(* கணவர் ஹால்பியார்ன். கதையில் அவருக்கு இவ்வளவுதான் வேலை.)

இத்தனை கருவி வைத்திருக்கும் நாடு ஒரு மூக்கை நம்புமா? எனக்கே சந்தேகம். கதையிலிருந்து ஸ்டெயின்வோரை எடுத்துவிட்டு இன்னொரு கருவியை வைத்துப் பார்த்தேன். கருவிக்கு மகள் இல்லை. ஸ்டெயின்வோருக்கு உண்டு. பெயர் உன்னூர், அக்கரையில் காரில் காத்திருக்கிறாள், வீட்டார் இன்னும் பார்க்காத கைக்குழந்தையோடு. அவளுக்குப் பின்னால் பனிப்புயல். உடனே பாலத்தைக் கடக்க வேண்டும், அல்லது வழி அடைபடுமுன் திரும்பிவிட வேண்டும். பாலத்தை மூடுவதா என்று சொல்ல வேண்டியவன் நான்.

3

ஸ்டெயின்வோர் பாலத்துக்கு நடந்தாள். போனில் நீண்ட மௌனம். மௌனம் எனக்குப் பிடிக்கும். கதையிலும் இடத்தை அடைக்கும்.

“நாத்தம் வருது. ஆறா, என் கோட்டான்னு தெரியல.”

“கோட்டக் கழட்டுங்க.”

“கழட்டிட்டேன். இப்ப தலைமுடி நாறுது.”

“உன்னூர் மோந்து பாக்கட்டும்.”

அக்கரைக்குக் கத்தினாள். பதில் வந்தது. “அவளும் மாமியார் வீட்டுல மதியம் திருக்கைதானாம். ஏன், நீ மோந்து சொல்லேன், கேமரா வச்சிருக்கீங்கல்ல?”

“கேமரால நாத்தம் தெரியாதுங்க. நானும் திருக்கைதான் சாப்பிட்டேன்.”

“நாடே மூக்கில்லாமத் திரியுது! இரு… புள்ள மூஞ்சியச் சுளிக்குதாம்.”

“நாத்தத்துக்கா?”

“இல்ல, என்னைப் பாத்துத்தான்னு அவ சிரிக்கிறா. தம்பி, நான் என்ன சொல்லட்டும்? இன்னும் அந்தப் புள்ளையத் தொடக்கூட இல்ல.”

4

முடிவு ஒன்று: பாலத்தை மூடுகிறேன். ஆறு பசுபோலப் படுத்துக் கிடக்கிறது. ஸ்டெயின்வோர் அதன்பின் என் போனை எடுப்பதேயில்லை.

முடிவு இரண்டு: வரச் சொல்கிறேன். கார் பாலத்தின் நடுவில்…

இதை என்னால் எழுத முடியவில்லை.

இந்தக் கதையில் பேசத் தெரிந்தவர்களில், இன்று திருக்கை சாப்பிடாதவர், வாசகரே, நீங்கள் ஒருவர்தான். இப்படி வாருங்கள், பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனியுங்கள். மூச்சை நன்றாக இழுங்கள்.

சீக்கிரம் சொல்லுங்கள். உன்னூர் வண்டியைக் கிளப்பிவிட்டாள்.