எண்பத்து மூன்று ஜோடிச் செருப்பு

சத்தியமே பண்ணாதே, ஆமென்றால் ஆம், இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிட்டுப் போ என்பது ஏசுவின் கட்டளை. அதை மீறினால் என்ன தண்டனையோ அதை ஏற்றுக்கொண்டு, இங்கே ஒரே ஒரு தடவை சத்தியம் பண்ணப்படுகிறது: இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் நடந்தது நடந்தபடி. ஒன்று பொய்யென்றாலும் சொன்னவனின் செருப்பு திருட்டுப் போகட்டும். ஜோடியாகப் போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம். ஆகவே ஒற்றைச் செருப்பு மட்டும் போகட்டும். அதைவிடக் கொடுமை உலகத்தில் கிடையாது.

உப்பளம் என்கிற பேட்டையில், ஜலால் பாயின் தையல் மெஷின் ரிப்பேர் கடைக்கு மேல் மாடியில் ஒரு ஜெபவீடு. மாடியை வாடகைக்கு விட்டபோது பாய் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். படிக்கட்டுக்கு அப்போதுதான் டைல்ஸ் ஒட்டியிருந்தார்.

"பாட்டு பாடுங்க, டிரம்ஸ் அடிங்க, எனக்கு ஒண்ணுமில்ல. செருப்போட ஒருத்தன் என் படியில ஏறக் கூடாது."

ஆகவே அந்தச் சபைக்கு இரட்சிப்பு மாடியிலும் செருப்பு கீழேயும் ஆயிற்று. செருப்புகளோடு அஞ்சலாட்சி கீழேயே தங்கிவிட்டாள்.

யாரும் அவளை அந்த வேலைக்கு வைக்கவில்லை. முதல் ஞாயிறு தாமதமாக வந்தவள், வாசலில் குவிந்து கிடந்ததைப் பார்த்துப் பொறுக்காமல் குனிந்தாள். அப்படியே பதினெட்டு வருஷம் ஓடிவிட்டது. படிக்கட்டில் தொங்கிய ஸ்பீக்கரில் பிரசங்கம் கேட்கும். ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, ஜோடி சேர்த்து, முனை தெருவைப் பார்க்கும்படி திருப்பி வைப்பாள். கூட்டம் முடிந்து வருகிறவர்கள் குனியாமல் காலை நுழைத்துக்கொண்டு போகலாம். குழந்தைகளின் செருப்பை மட்டும் வரிசையில் வைக்கமாட்டாள். அந்தந்த அம்மாக்காரியின் செருப்பின் மேலேயே ஏற்றி வைப்பாள்.

"இடுப்புல ஒண்ணு, கையில ஒண்ணுன்னு எறங்கி வருவாளுங்க. எங்கன்னு போய்த் தேடுவாளுங்க?" என்பாள்.

இந்த வேலை தெரிந்த இன்னொரு ஆள் உலகத்தில் அவள் மகன் புருஷோத்தமன்தான். சின்ன வயதில் அவளோடு உட்கார்ந்து அடுக்கியவன்.

செருப்பைத் தொட்டுத் தொட்டு அவளுக்கு ஒன்று பிடிபட்டிருந்தது. செருப்பைப் பார்த்தால் ஆளின் துக்கம் தெரிந்துவிடும். சபைக்கு வரும் சின்னக்கண்ணுவுக்குச் சர்க்கரை ஏறியிருப்பதை ரத்தப் பரிசோதனைக்கு நாலு நாள் முன்பே சொன்னாள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா கலியபெருமாளின் ஷூவைத் தடவிப் பார்த்து, "உங்க பொண்ணு ஊர்ல மழைங்களா?" என்று கேட்பாள். அவர் அங்கேயே நின்று பிரெஞ்சு நாட்டு மர்சேய்க்குப் போன் போடுவார். மழைதான். ஷூ என்னவோ பத்து வருஷமாக உப்பளத்தைத் தாண்டியதில்லை.

"மெர்சி அஞ்சல, டிவியில கூட இவ்ளோ கரெக்டா சொல்ல மாட்டான்," என்பார்.

இதை வரம் என்று யாரும் நினைக்கவில்லை. அவளும் நினைக்கவில்லை.

வரம் என்றால் அந்தச் சபையில் செல்வாம்பாள் ஆயாதான். கண்ணை மூடினால் ஆண்டவர் காட்டுவார். தொலைந்த ஆடு, தொலைந்த தோடு எல்லாம் சொல்லியிருக்கிறாள். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு மேடையில் இருந்த புது மைக்கைக் காணவில்லை. ஆயா கண்ணை மூடினாள்.

"சேதராப்பட்டுக்கு வேலைக்குப் போற கையில இருக்குது," என்றாள்.

சபையில் சேதராப்பட்டு கம்பெனிக்குப் போகிற கை இரண்டுதான் இருந்தது. இரண்டும் புருஷோத்தமனுடையது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பாட்டு ஏன் நின்றது என்று பார்க்க அஞ்சலாட்சி மேலே ஏறி வந்தவள், விஷயத்தைக் கேட்டதும் பதறி, மகனைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை கேட்டாள்.

"எடுத்தியாடா?"

"நீ கூடவாம்மா?" என்றான் அவன்.

கீழே வந்து செருப்பை மாட்டினான். பைக்கிலிருந்து விழுந்த நாள் முதல் வலது காலைச் சாய்த்துச் சாய்த்து நடப்பான். அன்றைக்கு இன்னும் சாய்ந்தான். அவள் பின்னாலேயே ஓடி வந்தாள்.

"இந்தப் படியில இனிமே கால் வெக்க மாட்டம்மா. செத்தாலும் வெக்க மாட்டேன்."

"நீ மேல வர வேணாம்டா. நான் கீழயே இருக்கேன். எந்த ஞாயித்துக்கிழம வந்தாலும் இங்கயே இருப்பேன். வருவியா?"

தெருமுனை திரும்பிப் போய்விட்டான்.

எட்டாம் நாள் மைக் கிடைத்தது, ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால். காணாமல் போன மைக் கிடைத்ததற்காக ஒரு ஸ்தோத்திரப் பாட்டு பாடப்பட்டது. காணாமல் போனவனுக்குப் பாட்டு எதுவும் இல்லை.

அவன் வீட்டுக்கும் வரவில்லை. அவனுடைய போன் நம்பர் உபயோகத்தில் இல்லை என்றது. சாரம் பகுதியில் அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டினார்கள். அஞ்சலாட்சி வேறு இடம் போனாள். ஆகவே மகனுக்குத் தெரிந்த அம்மாவின் விலாசம் இந்த வாசல் ஒன்றுதான். ஆறு வருஷம் ஒரு ஞாயிறு தப்பவில்லை அவள். சிக்குன்குனியாவில் நடக்க முடியாதபோதுகூட ஆட்டோவில் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். வருகிற ஒவ்வொரு ஆண் செருப்பிலும் வலது குதிகால் தேய்ந்திருக்கிறதா என்று புரட்டிப் பார்த்தாள்.

போன வருஷம் மே மாதத்தைப் பாஸ்டர் அருள்முருகன் வரங்களின் மாதம் என்று அறிவித்தார். ஞானஸ்நானத்தில் பெயரை மாற்றச் சொன்னபோது, கெஸட்டுக்கும் ஆபீசுக்கும் யார் அலைவது என்று அதே பெயரில் பரலோகம் போக முடிவெடுத்தவர் அவர். நல்ல பிரசங்கி.

"ஒடம்பு ஒண்ணு, உறுப்பு பல. கண்ணு காலப் பாத்து நீ வேணாம்னு சொல்ல முடியுமா? ஆவியானவர் ஒவ்வொருத்தருக்கும் ஒரு வரம் குடுத்திருக்காரு. அது உனக்கில்ல, பக்கத்துல இருக்கறவனுக்கு!"

கீழே அஞ்சலாட்சி ஆமென் சொல்லிக்கொண்டே ஒரு குழந்தைச் செருப்பை அம்மா செருப்பின் மேல் ஏற்றினாள்.

பிரசங்கம் சரியாகத்தான் இருந்தது. அச்சடித்த தாளில்தான் கோளாறு. ஒவ்வொருவரும் தன் வரத்தை எழுதித் தரவேண்டும். சபையின் கணக்குப்பிள்ளை போல இருந்த நிர்மலாதேவி தாளோடு கீழே இறங்கி வந்தாள்.

"அக்கா, ஒங்க கட்டம் மட்டும் காலியா இருக்கு."

"செருப்பு அடுக்குவான்னு போடு."

"அது வரம் இல்லக்கா, வேல. வர்ற ஞாயிறு முன் வரிசையில வந்து ஒக்காருங்க. பாஸ்டர் தலையில கை வெப்பாரு. தரிசன வரம் கெடச்சுதுன்னா ஒங்க புள்ள எங்க இருக்குன்னு ஆண்டவரே காட்டிடுவாரு."

அஞ்சலாட்சி கையிலிருந்த செருப்பைக் கீழே வைத்தாள்.

"காட்டுவாரா?"

"செல்வாம்பாள் ஆயாவுக்குக் காட்டலையா?"

"காட்னாரு, காட்னாரு," என்றாள் அஞ்சலாட்சி. ஆனால் அந்த வாரம் முழுக்க அவளுக்குத் தூக்கமில்லை. ஒரு மணி நேரம்தானே, ஆறு வருஷமாக வராதவன் அந்த ஒரு மணி நேரத்திலா வந்துவிடப் போகிறான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

அந்த ஞாயிறு ஜலால் பாயின் பேத்தி ஸமீஹாவுக்கு நிக்காஹ். கடை சாத்தியிருந்தது. கீழே ஆளே இல்லை. ஊக்கு குத்திய தன் செருப்பைக் கழற்றிவிட்டு அஞ்சலாட்சி பதினேழு படி ஏறினாள். பின்னால் வந்தவர்கள் கழற்றி எறிந்தது எறிந்தபடி மேலே போனார்கள். வாசல் மீன் கொட்டிய மாதிரி ஆயிற்று.

முன் வரிசையில் முழங்கால் போட்டாள். பாஸ்டர் அவள் தலையில் கை வைத்தார். கண்ணை மூடினாள். சபை மொத்தமும் சத்தமாக ஜெபித்தது.

"இன்னா தெரியுது சிஸ்டர்?"

"செருப்பு தெரியுது பாஸ்டர்."

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"வேற?"

"யாரோ குனிஞ்சி அடுக்கறாங்க. கை மட்டும் தெரியுது. என் செருப்பத் தேடி எடுக்கறாங்க. பாஸ்டர், நான் கீழ போவணும்."

"அது ஒலகக் கவல சிஸ்டர். பிசாசு கீழதான் இழுப்பான். தள்ளுங்க. இன்னும் ஜெபியுங்க."

அவள் எழுந்திருக்கப் பார்த்தாள். நல்ல மனிதர், நல்ல எண்ணத்தோடுதான் தலையை இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்தார். நாற்பது நிமிஷம் பிடித்தார். கடைசியில் வரம் எதுவும் இறங்கவில்லை என்று கையை எடுத்தார்.

எல்லோருக்கும் முன்னால் அவள் படியிறங்கினாள்.

எண்பத்து மூன்று ஜோடியும் அடுக்கியிருந்தது. முனைகள் தெருவைப் பார்த்திருந்தன. குழந்தைச் செருப்பெல்லாம் அம்மா செருப்பின் மேல். பின்னால் இறங்கிய கலியபெருமாள், "மோன் தியூ, ஆண்டவரே! நீ மேல இல்ல இருந்த? இத யாரு அடுக்குனது?" என்றார்.

வரிசையின் முதலில், ஸ்டூலுக்குப் பக்கத்தில், அவளுடைய ஊக்குச் செருப்பு இருந்தது. அதன் மேல், அதை முழுக்க மறைத்துக்கொண்டு, ஒரு ஜோடி பெரிய ஆண் செருப்பு. வலது குதிகால் வெளிப்பக்கமாகத் தேய்ந்திருந்தது.

அவள் அதை எடுத்துப் பார்த்தாள். பார்த்ததும் எல்லாம் தெரிந்தது. இளைத்துப் போயிருக்கிறான். நின்றுகொண்டே செய்கிற வேலை. ரொம்ப தூரம் நடந்து வந்திருக்கிறான். இந்த இடத்தில் ரொம்ப நேரம் நின்றிருக்கிறான். ஒரு கால் முதல் படி வரைக்கும் போய்த் திரும்பியிருக்கிறது.

செருப்பை மார்போடு அணைத்துக்கொண்டு தெருவில் ஓடினாள். மே மாதத்து வெயிலில் தார் உருகிக் கிடந்தது. அதில் வெறுங்கால் தடம், வலது கால் சாய்ந்த தடம், முத்திரை குத்தினாற்போல் பதிந்திருந்தது. பஸ் நிற்கும் இடம் வரைக்கும் போய் முடிந்தது.

அங்கே கரும்புச்சாறு பிழிந்துகொண்டிருந்த பாவாடை என்பவர் சொன்னார்: "இப்பதான்மா கடலூர் பஸ்ல ஏறிப் போனாப்ல. கால் சுடலியா, செருப்பு எங்கன்னேன். அம்மாகிட்ட உட்டுட்டு வந்திருக்கேன்னாரு. அம்மா எங்கன்னேன். மேல இருக்காங்கன்னாரு. நான் செத்துப் போய்ட்டாங்கன்னு நெனச்சி ஒரு கிளாஸ் சாறு சும்மா குடுத்தேன்."

"குடிச்சானா?" என்று கேட்டாள் அஞ்சலாட்சி.

"குடிச்சாரும்மா."

அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

அடுத்த ஞாயிறு பாஸ்டர் அருள்முருகன் ஒரு மணி நேரம் முன்னதாக வந்தார். மேலே போகவில்லை. கீழ்ப்படியில் உட்கார்ந்து, "எப்படிம்மா வெக்கணும்?" என்று கேட்டார். "புள்ளைங்களுது அம்மாங்களுது மேல," என்றாள். அவர் அடுக்கினார். இரண்டு மூன்று இடத்தில் பிள்ளையை மாற்றி வைத்தார், அவள் திருத்தினாள்.

செல்வாம்பாள் ஆயா இப்போதெல்லாம் ஜெபத்தில் கண்ணை மூடுவதில்லை. படியேறும் முன் அந்த ஆண் செருப்பை முந்தானையால் துடைத்துவிட்டு, "அன்னிக்கி நான் பாத்தது தப்புடி," என்பாள்.

"நானுந்தான ஆயா கேட்டேன்," என்பாள் அஞ்சலாட்சி.

அவன் திரும்ப வரவில்லை. கடலூர் பஸ் தினம் வருகிறது. ஒவ்வொரு ஞாயிறும் அவள் வீட்டிலிருந்து அந்தச் செருப்பைக் கொண்டுவந்து தன் செருப்பின் மேல் வைக்கிறாள், முடிந்ததும் எடுத்துப்போகிறாள். நிர்மலாதேவி ஒருநாள் பழைய தாளைக் கொண்டுவந்து, தலையைக் குனிந்துகொண்டு, "அக்கா, இந்தக் கட்டத்துல நீங்க சொன்னதயே எழுதிடறேன்," என்றாள்.

"வேணாம். காலியா உடு," என்றாள் அஞ்சலாட்சி. "அவனும்தான் அடுக்குனான். அவன் வந்ததும் ரெண்டு பேர் பேரயும் சேத்து எழுதிக்கலாம்."

அஞ்சலாட்சியின் சிவப்பு ரேஷன் கார்டில், அது கொடுக்கப்பட்ட நாளிலிருந்து இன்றுவரை, ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது. அவளுக்குக் கல்யாணமும் ஆகவில்லை, பிள்ளையும் பிறக்கவில்லை. ஆனாலும் மேலே சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை: சொன்னவனின் செருப்பு இன்னும் ஜோடியாகத்தான் இருக்கிறது.