ஒரு சாண் குறைந்த நாற்காலி

நீதியின்பால் நெஞ்சம் சாய்ந்தோரே, வாருங்கள்! நகராட்சிப் பூங்காவின் இந்தப் பீடத்தருகே நின்று, இதோ கிடக்கும் சங்கிலியைப் பாருங்கள். ஆயிரத்து அறுநூற்று முப்பத்தொன்பது துப்பாக்கிகளால் ஆன ஒரு பெண்மணியை, அனுமதியின்றி வெளியே சென்ற குற்றத்துக்காக, பத்தொன்பது நாள் இதில்தான் பிணைத்து வைத்தார்கள். அவள் கொல்லவில்லை, கொள்ளையடிக்கவில்லை. ஒரு வீட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்தாள், அவ்வளவுதான்.

சண்டை ஓய்ந்த ஆண்டில் ஊரார் தம் துப்பாக்கிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்து ஒரே குவியலாகக் குவித்தார்கள். அவற்றை வெட்டி, நாற்காலியில் அமர்ந்த ஒரு பெண்ணின் சிலையாக்கும் பணி, இரும்புக் கதவும் ஜன்னல் கம்பியும் செய்து பிழைத்த வெல்டர் அம்மாவிடம் வந்தது. எண்ணிப் பார்த்து, ஒன்றும் மிஞ்சாமல் அவர் படம் வரைந்தார். குழல்களை வளைத்து விரல்களாக்கினார். விசைகளைக் கோத்துக் கூந்தலாக்கினார். ஆனால் ஒன்று மட்டும் சுடர் பட்டதும் பற்றி எரிந்து சாம்பலானது. அது கறுப்புச் சாயம் பூசிய மரத் துப்பாக்கி. எனவே நாற்காலியின் நான்காவது கால் ஒரு சாண் குட்டையாக நின்றது.

"யாரோ பொம்மையக் குடுத்துட்டு நெஜத்த வெச்சிருக்காங்கய்யா" என்று ஆயுத ஒப்படைப்புக் குழுவின் தலைவரிடம் அவர் முறையிட்டார். தலைவரோ சமாதானத்தைப் பற்றி மூன்று மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் பேச வல்லவர்; ஊரார் அவருக்கு இட்ட பெயர் வெண்புறா. "ஒரு செங்கல்ல முட்டுக் குடும்மா, யாரு குனிஞ்சு பாக்கப் போறாங்க?" என்றார் அவர். செங்கல் வைக்கப்பட்டது. திறப்பு விழாவில் வெண்புறா பேசினார். பேச்சின் இரண்டாம் மணி நேரத்தில் செங்கல் உடைந்தது.

ஆடுகிற நாற்காலியில் யார்தான் எத்தனை நாள் உட்கார முடியும்? பதினோராம் நாள் காலை அவள் எழுந்து, நாற்காலியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, சிவப்பு விளக்குக்கு நின்று, பச்சைக்கு நடந்து, வெண்புறாவின் வீட்டுக் கூடத்தில் நாற்காலியைப் போட்டு அமர்ந்தாள். தரையில் ஆறு ஓடுகள் விரிசல் விட்டன. தலைவரின் மனைவி விருந்தாளிக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். குடித்தால் துருப்பிடிக்குமே என்று நினைவு வர, திருப்பி எடுத்துப் போய்த் தையல் மிஷின் எண்ணெய் கொண்டுவந்தார். அவளைத் திருப்பித் தூக்கிவர நகராட்சி கிரேன் அனுப்பியது. மறுநாளும் வந்தாள், மறுநாளும் கிரேன். நான்காம் நாள் கிரேன் ஓட்டுநர் கொக்கியைக்கூட இறக்கவில்லை. "ஏறுங்கக்கா" என்றார், ஏறிக்கொண்டாள்.

அப்போதுதான் நகராட்சி ஆணையர் சங்கிலி பூட்டினார். அதோடு நின்றாரா? இது தயாரிப்புக் குறைபாடு என்றும், சிலை இனி ஒரு முறை நடந்தால் வெல்டரின் பட்டறைக்குச் சீல் வைக்கப்படும் என்றும் ஆணை பிறப்பித்தார். ஒளித்தவன் மேடையில், உழைத்தவள் தெருவில்! இருபதாம் நாள் அவள் சங்கிலியைக் கழற்றி, அழகாகச் சுருட்டிப் பீடத்தில் வைத்துவிட்டு மீண்டும் அதே கூடத்துக்கு நடந்தாள். நண்பகலுக்குள் பட்டறைக்குச் சீல் விழுந்தது. வெல்டர் அம்மா தம் கருவிப் பெட்டியோடு வந்து சிலையின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பட்டறை போச்சுங்க. இவ இருக்குற எடந்தான் இனிமே எனக்கும்" என்றார்.

தலைவரின் மனைவி இருவரையும் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார்.

"பரண்ல அந்தப் பெட்டியில என்னங்க இருக்கு?"

"பழைய பேச்சுக் குறிப்பு."

"அதுக்கு அடியில?"

வெண்புறா கூரையைப் பார்த்தார். "ஒண்ணே ஒண்ணுதானே. ஒரு பாதுகாப்புக்கு."

"ஊர்ல எல்லார் வீட்லயும் ஒண்ணே ஒண்ணுதாங்க இருந்துச்சு."

வெண்புறா எழுந்து போனார். ஏணியை அவரே தூக்கி வந்தார். அந்த வீட்டு மின்சாரத்திலேயே பற்றவைப்பு நடந்தது. தெரு முழுவதும் ஃபியூஸ் போனது, கூடத்துத் திரைச்சீலை கருகியது, நான்காவது கால் நேரானது. இரும்புப் பெண்மணி நாற்காலியை ஆட்டிப் பார்த்தாள். ஆடவில்லை. அதை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பூங்காவுக்குத் திரும்பினாள். 'குறைபாடு நீங்கியது' என்று எழுதி ஆணையர் பட்டறையைத் திறந்துவிட்டார். மன்னிப்பு என்ற சொல் அந்தக் கோப்பில் இல்லை.

கதை முடிந்தது என்று எண்ணாதீர்கள். குனிந்து பாருங்கள்: நாற்காலி நிமிர்ந்த பிறகு அவள் பாதங்கள் பீடத்தைத் தொடாமல் நான்கு விரற்கடை உயரத்தில் தொங்குகின்றன. "குடுத்த இரும்புல நாற்காலி ஆச்சு, கால் வைக்க ஒரு மணைய, இன்னும் குடுக்காம வெச்சிருக்கவங்க இரும்புலதான் பண்ணணும்" என்கிறார் வெல்டர் அம்மா. சென்ற வாரம் முதல் சிலை பேருந்து நிலையப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது. வீட்டுக்கு வீடு கூடத்தின் நடுவே இடம் ஒழித்து வைத்திருக்கிறார்கள். கடைகளில் தையல் மிஷின் எண்ணெய்க்குத் தட்டுப்பாடு.

இதை வாசிக்கும் உங்கள் வீட்டிலும் ஒரு பரண் உண்டு. ஏணியை எடுங்கள். பெட்டியின் அடியைப் பாருங்கள். இருப்பதை இன்றே கொண்டுவந்து பட்டறையில் போடுங்கள். ஐந்து டன் எடையுள்ள ஒருத்தியை உங்கள் வாசல்வரை நடக்க விடாதீர்கள்.