அன்னாசி சேராத ஓட்கா

அன்னாசியை இரண்டாகப் பிளந்ததும் குப்பென்று அழுகல் வாடை அடித்தது. நடுவில் கறுத்துப்போயிருந்தது. கடையில் ஒவ்வொரு பழமாக மூக்கருகே தூக்கிப் பிடித்து, பழக்காரரின் பொறுமையைச் சோதித்து, என் வீட்டுக்காரர்தான் இதைப் பொறுக்கிக்கொண்டு வந்தார். பழச்சாறு கம்பெனியில் சுவை பார்க்கிற அதிகாரி! எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

"என்ன, அன்னாசி ஆச்சா?" கூடத்திலிருந்து அதிகாரியின் குரல். "நல்லா வடிகட்டு. திப்பி இருந்தா ஓட்காவே வீண்."

காய்ச்சலில் படுத்து எழுந்தவர் திங்கட்கிழமைதான் மறுபடி வேலைக்குப் போகிறார். போனதும் ஒரு புதுப் பானத்தைக் குடித்துப் பார்த்து, சரியா இல்லையா என்று சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் வீட்டில் ஒரு கொண்டாட்டம் என்று கொழுந்தன் ஓட்கா பாட்டிலைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான்.

வீட்டில் வேறு பழம் என்றால் கூடையின் அடியில் கிடந்த கொய்யாதான். மிக்ஸியில் அடித்து, துணியில் வடிகட்டி, எலுமிச்சை பிழிந்து, சர்க்கரைப் பாகு விட்டேன். அவர் அளந்து வைத்திருந்த ஓட்காவையும் ஐஸையும் சேர்த்து, மூடி போட்ட பாட்டிலில் கைவலிக்கக் குலுக்கினேன். கோப்பையில் ஊற்றி, திட்டு வாங்கத் தயாராகத்தான் கொண்டுபோனேன். கல்யாணமான நாளிலிருந்து வாங்காத திட்டா? பால் லேசாக அடிப்பிடித்தால் வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவார். "உனக்கு நாக்கு பேசறதுக்கு மட்டும்தான்" என்பார்.

கண்ணை மூடிக்கொண்டார். தொழில் பழக்கம். நிறம் ஆளை ஏமாற்றிவிடுமாம். ஒரு வாய் உறிஞ்சி, நாக்கில் உருட்டி விழுங்கினார்.

"அன்னாசி பிரமாதம். புளிப்புதான் ஒரு சொட்டு கூட."

கிண்டலோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நேற்றுகூடப் பால் தீய்ந்தது. ஒரு வார்த்தை பேசாமல் குடித்துவிட்டுப் போனார். மனுஷன் திருந்திவிட்டார் என்று அம்மாவிடம் போனில் பெருமை வேறு அடித்தேன், மடச்சி.

"அது கொய்யாங்க."

அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"இனிப்பு தெரியுது, புளிப்பு தெரியுது, தொண்டை எரியறது தெரியுது. வாசனைதான் ஒண்ணுமே இல்லடி. திங்கக்கிழமை மாட்டிக்குவேன்."

"என்கிட்டகூடச் சொல்லலையே நீங்க?" கோபமா அழுகையா, எனக்கே பிடிபடவில்லை.

அவர் கோப்பையை என் பக்கம் நீட்டினார்.

"கொய்யா எப்படி மணக்குது? நீ சொல்லேன்."

இத்தனை வருஷத்தில் என்னிடம் இப்படி ஒன்றைக் கேட்டதே இல்லை. மூக்கைக் கோப்பைக்குள் விட்டு இழுத்தேன்.

"சிரிக்கக் கூடாது. பூனை படுத்து எழுந்த மெத்தை மாதிரி ஒரு நெடி. அதுமேல யாரோ சர்க்கரையைக் கொட்டின மாதிரி."

அவர் நெற்றி சுருங்கியது. பிறகு மெல்ல விரிந்தது.

"ரொம்பப் பழுத்துப்போச்சு. இன்னைக்கு விட்டிருந்தா நாளைக்குக் குப்பைதான். சரியா?"

எனக்குப் புல்லரித்துவிட்டது. விடுவிடுவென்று அடுப்படிக்குப் போய், அவர் பொறுக்கி வந்த அன்னாசியில் ஒரு துண்டை எடுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"சரி, இது?" என்று அதை முகர்ந்து பார்த்தேன்.

கண்ணை மூடியபடியே அவர் காதை என் பக்கம் சாய்த்தார்.